வேல்விழி ஓட்டினால் மட்டும்

ஹாரன் அடித்துக்கொண்டே வந்த பஸ், காரின் வலப்பக்கப் பின்கதவை உரசியபடி நின்றது. அதற்கு மூன்று விநாடி முன்னதாகவே காரின் எஞ்சின் அணைந்துபோயிருந்தது. முதலிபாளையம் ரோட்டிலிருந்து காங்கயம் ரோட்டில் ஏறித் திரும்பும் இடம். மாலை ஆறு மணி, கம்பெனிகள் விடும் நேரம். வேல்விழி சாவியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பின்சீட்டில் இருந்த மயிலாளின் நெற்றி கண்ணாடியில் மோதி ரத்தம் வடிந்தது.

வேல்விழி அங்கே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். மயிலாள் அதே செக்ஷனில் தைத்த பீஸில் குறை இருக்கிறதா என்று பார்ப்பவள். வீடு போகும் வழி என்பதால் தினமும் அவளோடு காரில் வருவாள். வேல்விழியின் கணவன் இசக்கிமுத்து கூப்பிடு தூரத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் மெஷின் பிட்டர். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து இருவரும் திருப்பூருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. யாரோ போன் செய்து சொல்ல, இசக்கிமுத்து கை கழுவாமல் எண்ணெய்க் கறையோடு ஓடி வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"கிளட்ச்ச டப்புன்னு விட்டுட்டியா?"

வேல்விழி அவனைப் பார்த்தாள். கம்பெனி ஆட்கள் இருபது பேராவது சுற்றி நின்றார்கள். பஸ் டிரைவர், "கேளுங்க, நல்லா கேளுங்க, நடு ரோட்டுல வண்டிய ஆப் பண்ணிட்டாங்க" என்றார். மயிலாள்தான் நெற்றியில் முந்தானையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "உன்ற மேல தப்பில்ல கண்ணு, வண்டி முக்குச்சு, தெணறுச்சு, நா பாத்தேன்" என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

மயிலாளுக்கு மூன்று தையல் போட்டார்கள். அன்றோடு வேல்விழி ஓட்டுவதை நிறுத்தினாள். கார் சாவியைச் சாமி படத்துக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் போனாள்.

இருபது வருஷம் ஓடிய பழைய பெட்ரோல் கார் அது. இரண்டு மாதமாகவே அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். சிக்னலில் நின்றால் வண்டி காய்ச்சல் வந்தவன் போல நடுங்குகிறது. கிளப்பும்போது ஒரு நொடி யோசிக்கிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் இழுக்க மாட்டேன் என்கிறது. சில நாள் அணைந்தே போகிறது. "காலடில உஸ்ஸுன்னு என்னமோ கேக்கு" என்றுகூட ஒரு நாள் சொன்னாள். அவன் ஓட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை.

இப்போது, பஸ் உரசிய பிறகு, ஒரு வாரம் முழுக்க அவனே வேலைக்கு அதில் போய் வந்தான். ஒரு தடவைகூட அணையவில்லை.

"நான் ஓட்டினா ஒண்ணும் செய்யலயே" என்றான் சாப்பிடும்போது.

"நீங்களே ஓட்டுங்க" என்றாள் வேல்விழி. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்தப் பதில் அவனை இருக்கவிடவில்லை. வண்டி நன்றாக இருந்தால் அவள் ஓட்டியது தப்பு. அவள் ஓட்டியது சரி என்றால் வண்டியில் ஏதோ இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். ஆனால் அவளும் பொய் சொல்கிறவள் இல்லை, வண்டியும் அவன் கண் முன்னால் ஒழுங்காக ஓடியது. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் போய் வண்டியைக் கிளப்பிவிட்டு பானெட்டைத் திறந்து நிற்பான். சீராக ஓடும். மூடிவிட்டு வருவான். குளித்துவிட்டு மறுபடி போவான்.

அர்த்தநாரியின் மெக்கானிக் ஷெட்டுக்கு மூன்று தடவை கொண்டுபோனான். அர்த்தநாரி பொறுமைசாலி. முதல் தடவை பிளக் நான்கையும் மாற்றினார், ஒயர்களையும் மாற்றினார். இரண்டாம் தடவை எஞ்சினுக்குக் காற்று போகும் த்ராட்டிலைக் கழற்றிக் கரி போகக் கழுவினார், பெட்ரோல் பில்டரை மாற்றினார். மூன்றாம் தடவை, எங்காவது குழாய் வெடித்துக் காற்று உள்ளே போகிறதா என்று எஞ்சினைச் சுற்றி ஸ்ப்ரே அடித்துப் பார்த்தார். காற்று திருட்டுத்தனமாக நுழைந்தால் ஸ்ப்ரே பட்ட இடத்தில் எஞ்சின் சத்தம் மாறும். மாறவில்லை.

"எல்லாம் சுத்தமா இருக்குதுங்ண்ணா. நானும் ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டனுங்க" என்றார். பிறகு கையைத் துடைத்தபடி, சங்கடத்தோடு, "சொன்னா தப்பா நெனைக்காதீங்க. கோளாறு ஓட்டறவங்க கால்லதானுங்க இருக்கும்."

"நானும் அதத்தான் நெனைச்சேன்" என்றான் இசக்கிமுத்து. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரம்கட்டி, எஞ்சினை ஓடவிட்டு, கால் மணி நேரம் வெளியே நின்று கேட்டான். சீராகத்தான் ஓடியது.

அந்த வாரம் அவன் வேலை பார்க்கும் இடத்தில் நாலாம் நம்பர் மெஷினில் துணியில் கோடு விழுந்தது. நீளமாக, ஒரே இடத்தில், ஒரு ஊசி சரியாகப் பின்னாததால் வரும் கோடு. பகல் ஷிப்டில் மட்டும் வந்தது. பகலில் அந்த மெஷினைப் பார்ப்பவன் பீகாரிலிருந்து வந்த ஆபரேட்டர். ஓனர் கந்தவேல் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இவன் ஷிப்ட்டுல மட்டுந்தானுங்க இசக்கி, கோடு உழுவுது. ஆள மாத்திப்போடலாமுங்களா?"

"அவசரப்படாதீய முதலாளி. ஒரு ஷிப்டு நான் பக்கத்துல நின்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."

இசக்கிமுத்து எப்போதும் செய்வது அதுதான். கோளாறு வந்தால் ஓனர்மார் எல்லாம் முதலில் ஆபரேட்டரைத்தான் கைகாட்டுவார்கள். அவனுக்கு அது பிடிக்காது. மெஷின் பக்கத்தில் நின்று, அந்த ஆளின் கை எங்கே போகிறது, எப்போது நிறுத்துகிறான், எப்படிக் கிளப்புகிறான் என்று பார்ப்பான். அன்றும் பார்த்தான். மணிக்கு ஒரு தடவை அந்த ஆபரேட்டர் மெஷினை நிறுத்தி, ஏர் பைப்பால் பஞ்சை ஊதிவிட்டு மறுபடி ஓட்டினான். செய்ய வேண்டிய வேலை அது. மற்ற ஷிப்டில் சோம்பேறித்தனத்தால் யாரும் செய்வதில்லை. நிறுத்திக் கிளப்பும்போதெல்லாம் தேய்ந்துபோன ஒரு ஊசி திறக்காமல் சிக்கியது. நிறுத்தாமல் ஓட்டியவர்களிடம் அது தெரியவே இல்லை. இசக்கிமுத்து ஊசியை மாற்றினான், கோடு நின்றது.

"ஆளு மேல தப்பில்ல. ஒழுங்கா வேல பாத்தான், அதான் கோளாறு வெளிய தெரிஞ்சிருக்கு" என்று கந்தவேலிடம் சொன்னான்.

சொல்லி முடித்ததும் டீ வந்தது, குடிக்க முடியவில்லை. ஊர் பேர் தெரியாத ஆபரேட்டருக்காக எட்டு மணி நேரம் கால் கடுக்க நின்றவன், சொந்தப் பெண்டாட்டி வண்டி ஓட்டும்போது ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறானா?

ஞாயிற்றுக்கிழமை காலை சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றான்.

"ஏ வேலு, ஒரு தடவ ஓட்டிக் காட்டு. நான் பக்கத்துல இருக்கேன்."

"எதுக்கு? எப்பிடித் தப்பா ஓட்டுதேன்னு பாக்கவா?"

"இல்லளா. நீ செய்யுதத நான் இன்னும் பாக்கவே இல்ல. அதான்."

"நான் ரோட்டுக்குக் கொண்டுபோவ மாட்டேன்."

"வேண்டாம். வாசல்லயே கிளப்பி நிறுத்து, போதும்."

அவள் ஈரக் கையை நைட்டியில் துடைத்தபடி வந்து உட்கார்ந்தாள். அவன் பானெட்டைத் திறந்து வைத்தான். அவள் வண்டியைக் கிளப்பியதும் எஞ்சின் சீராகப் பிடித்தது. ஐந்தாறு விநாடியில் அது நடுங்க ஆரம்பித்தது. முன்னால் நின்றவனின் தொடையில் பம்பர் அதிர்ந்தது. இத்தனை நாளில் அவன் அந்த நடுக்கத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இப்ப என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல."

"கால் எங்க இருக்கு?"

"பிரேக்குலதான்."

"எடு."

அவள் எடுத்தாள். எஞ்சின் மெல்ல அடங்கிச் சீரானது.

"வை."

மறுபடி நடுக்கம்.

"எடு. வை. எடு. வை." அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். இசக்கிமுத்து ஓடிப்போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, அவள் காலடியில் தலையை விட்டான். பிரேக் மிதியின் பின்னாலிருந்து உஸ்ஸென்று காற்று உறிஞ்சும் சத்தம் வந்தது.

"இத எப்பவோ சொன்னேன்" என்றாள் வேல்விழி, அவன் தலைக்கு மேலிருந்து.

பிரேக் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே குண்டான் போல ஒரு இரும்பு உருளை இருக்கும். பிரேக் பூஸ்டர். எஞ்சின் உறிஞ்சும் காற்றின் பலத்தைக் கொண்டுதான் அது காலுக்கு உதவி செய்கிறது. அதிலிருந்து எஞ்சினுக்கு ஒரு தடித்த ரப்பர் குழாய் போகிறது. இசக்கிமுத்து ஒரு பழைய பனியன் துணியை அந்தக் குழாயில் சுற்றி, கட்டிங் பிளையரால் இறுக்கி நசுக்கினான்.

"இப்ப பிரேக்க நல்லா அமுத்து."

"கல்லு மாதிரி இருக்கு."

"காத்த அடைச்சா அப்பிடித்தான் இருக்கும். விடாத."

எஞ்சின் நடுங்கவில்லை. அவன் பிளையரைத் தளர்த்தினான். நடுங்கியது. இறுக்கினான். நின்றது. குண்டானுக்குள் இருக்கும் ரப்பர் கிழிந்திருக்கிறது. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் அந்தக் கிழிசல் வழியாகக் காற்று எஞ்சினுக்குள் போகிறது. மிதித்து நின்றுவிட்டுக் கிளப்பினால், போன காற்று அடங்குவதற்குள் எஞ்சின் திணறுகிறது.

அவனுக்கு ஏன் தெரியவில்லை என்பதும் அப்போது புரிந்தது. வேல்விழி டிரைவிங் ஸ்கூலில் கற்றவள். சிக்னலில் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே கூடாது என்று அங்கே சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்கிறவள். அவன் பைக்கிலேயே வளர்ந்தவன். நின்றால் நியூட்ரலில் போட்டு, காலை ஆக்சிலேட்டரில் வைத்து உறுமவிட்டுக்கொண்டே இருப்பான். அர்த்தநாரியோ எப்போதும் பானெட்டுக்கு முன்னால்தான் நின்றார். ஓட்டிப் பார்த்ததும் சிக்னலே இல்லாத ரோட்டில்.

பிளையரைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு நான் கேட்டது தப்பு வேலு."

அவள் எஞ்சினை அணைத்தாள். "கேட்டது மட்டுமா தப்பு? அடிபட்டுதான்னு கேக்கவே இல்லியே."

அவன் குழாயில் சுற்றிய துணியை அவிழ்த்தான்.

"எங்கிட்ட இங்க நின்னு சொல்லி என்ன செய்ய? அத்தன பேரு முன்னால கேட்டீய" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை பத்தரை மணி டீ நேரத்தில் இசக்கிமுத்து அவள் கம்பெனி கேட்டில் போய் நின்றான். டீ கிளாஸோடு வெளியே வந்தவர்களில் அன்று ரோட்டில் நின்ற முகங்கள் பல இருந்தன. என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துபோயிற்று. மயிலாளைப் பார்த்ததும் அவளிடமே ஆரம்பித்தான்.

"யக்கா, அன்னைக்கு வண்டி நின்னது வேல்விழி தப்பு இல்ல. பிரேக் பூஸ்டர் கிழிஞ்சு கெடந்திருக்கு. அவ சொன்னா, நான் கேக்கல. தப்பு என் மேலதான்."

கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். டெய்லர்கள் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மயிலாளின் நெற்றியில் தையல் பிரித்த தழும்பு சிவப்பாக இருந்தது.

"நாந்தான் அப்பவே சொன்னனுங்களே, வண்டி முக்குச்சுன்னு" என்றாள் அவள். "பொம்பளைங்க சொன்னா யாரு கேக்கறீங்க?"

படியில் வேல்விழி நின்றிருந்ததை அவன் அப்புறம்தான் கவனித்தான். அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு உள்ளே போனாள். ஆனால் அன்று மத்தியானம் அவனுக்குப் போன் செய்து, அர்த்தநாரியிடம் சொல்லிவைத்த புது பூஸ்டர் எப்போது வரும் என்று கேட்டாள்.

கோயம்புத்தூரிலிருந்து அது வந்து சேர வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. அர்த்தநாரி பழையதைக் கழற்றிக் காட்டினார். "நல்ல வேளைங்க. இன்னுங் கொஞ்ச நாள் உட்டிருந்தா பிரேக்கே பிடிச்சிருக்காது. நா ஒரு தடவயாச்சும் சீட்டுல ஆள உக்கார வெச்சுப் பாத்திருக்கோணும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். வேல்விழி ஷெட்டுக்கு வந்ததும் அவளிடமும் சொன்னார்: "மன்னிச்சுக்கோங்க அம்மிணி."

அவள் தலையசைத்தாள். சீட்டில் உட்கார்ந்து, கிளப்பி, பிரேக்கில் காலை அழுத்தி வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் கேட்டாள். எஞ்சின் அசையாமல் ஓடியது. இசக்கிமுத்து சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறக்கப் போனான். பூட்டியிருந்தது. அவள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

"நீங்க பஸ்ல வாங்க."

"எதுக்குளா?"

"பக்கத்துல நீங்க இருந்தா ரோட்டப் பாக்க மாட்டேன், உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். ஊருக்குள்ள எத்தன சிக்னல் இருக்கோ அத்தனையிலயும் நின்னு பாத்துட்டு வாரேன்."

வண்டி திரும்பி ரோட்டில் ஏறியது. இசக்கிமுத்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குனிந்து ஜன்னல் வழியே வெள்ளைக் காரைத் தேடினான். வீட்டுக்கு வந்தும் உட்காரவில்லை. இரண்டு தடவை போனை எடுத்தான். ஓட்டும்போது அடிக்கக் கூடாது என்று வைத்துவிட்டான். வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்புறமும் இருபது நிமிஷம் ஆயிற்று.

கடைசியில் தெருமுனையில் கார் வந்தது. வேல்விழி இறங்கிக் கதவைச் சாத்தினாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"எப்பிடி இருக்கு?" என்றான்.

"எங்கயும் ஆப் ஆவல. ஒரு சிக்னல்ல பச்ச விழுந்தும் முன்னால இருந்தவன்தான் கிளம்பவே மாட்டேன்னான். போன் பாத்துட்டு இருக்கான். ஹாரன் அடிச்சேன் பாருங்க, அப்பிடி அடிச்சேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சாவியை ஆணியில் மாட்டாமல் தன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டு, "தல ரொம்ப வலிக்கு. காப்பி போடுங்க" என்றாள்.