வெடிக்காத சரம்

தீபாவளிக்குத் தேதி உண்டு, சமாளித்துவிடலாம். சன்னலைச் சாத்தி, கட்டிலடியில் போர்வை விரித்து, டிவியை அலறவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தால் நாய் பாப்பு வெடிச்சத்தத்தை எப்படியோ தாங்கிவிடும். சாவு என்ன சொல்லிக்கொண்டா வருகிறது?

காட்டுப்பாக்கத்தில் அந்தத் தெருவில் ஒரு மாடிவீட்டுக்குச் சண்முகசுந்தரம் குடிவந்து மூன்று வருஷம். ஐ.டி. வேலை, வீட்டிலிருந்தே. மனைவி பிரிந்துபோன பிறகு அவன் வாய்விட்டுப் பேசுவது பாப்புவோடு மட்டும்தான். மதியம் மீட்டிங் என்றால் அதைக் கீழே கேட்டுக்குள் விட்டுவிடுவான். போன தீபாவளிக்குச் சன்னலைச் சாத்துவதற்குள் வெடித்த சரத்தில் அது மயங்கி விழுந்தது. "இதயம் பலவீனம் சார். இன்னொரு தடவை இப்படிப் பயந்தா தாங்காது" என்றார் டாக்டர்.

இப்போது எதிர்வீட்டுக் கன்னியப்பன் போய்விட்டார். வாசலில் பத்தாயிரம் வாலா சரம் சுருண்டு கிடந்தது. மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். சண்முகசுந்தரம் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

பந்தலடியில் நின்ற மகன் தேவாவிடம் நேரே போய், "பிரதர், பட்டாசு மட்டும் வேண்டாமே. என் நாய்க்கு ஹார்ட் ப்ராப்ளம்" என்றான்.

அடப்பாவி மனுஷா! கையில் ஒரு மாலை உண்டா? செத்தவர் முகத்தையாவது பார்த்தாயா?

"எங்க நைனா இருவது நாளு இஸ்துகினு கெடந்தாரு சார்," என்றான் தேவா. "எதுத்த ஊடு. ஒரு நாளு எட்டிப் பாத்தியா? இப்ப நாய்க்கோசரம் வந்துகீறே."

சண்முகசுந்தரம் வீட்டுக்குத் திரும்பி, பாப்புவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக் காதைப் பொத்தினான்.

மூன்று மணிக்கு மேளம் கிளம்பியது. இதோ, இதோ என்று அவன் கண்ணை இறுக்கிக்கொண்டிருக்க, கீழே தேவாவின் குரல் கேட்டது.

"டேய், இங்க கொளுத்தாதீங்கடா! மெயின் ரோட்டாண்ட வெச்சிக்கலாம். நைனா தெனம் பிஸ்கெட் போட்ட நாய்டா அது."

சரம் எங்கோ தூரத்தில்தான் பொரிந்தது. பாப்பு நடுங்கியது, ஆனால் தாங்கிவிட்டது.

நான்கு மணிக்குக் கதவைப் பிராண்டியது. திறந்துவிட்டான். படியிறங்கிப் போய் கேட்டுக் கம்பியில் மூக்கை வைத்து, எதிர்வீட்டைப் பார்த்து வாலாட்டியபடி நின்றது. கழுவிவிட்ட வாசலில் யாரும் இல்லை.

மூன்று வருஷத்தில் பாப்புவுக்கு இந்தத் தெருவில் ஒருவர் இருந்திருக்கிறார். தனக்கு யார் என்று யோசித்தான். ஒரு பெயரும் வரவில்லை. அவனும் இறங்கிப்போய் அதன் பக்கத்தில் நின்றான்.