எழுதிய பரீட்சையும் கொடுத்த பரீட்சையும்

ஒற்றை வினைச்சொல்லால் வேலை போகும் என்று வித்யாலட்சுமி கனவிலும் நினைத்ததில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கால் சென்டர். அன்றைக்குப் பயிற்சியின் கடைசித் தேர்வு. தேறினால் வேலை; இல்லாவிட்டால் ஹெப்பகோடி வாடகை அறையைக் காலி செய்துகொண்டு திருப்பத்தூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். பயிற்சி தரும் பூனம் டில்லிக்காரி. படிப்பைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னாள். வித்யாவும் மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்து, "ஐ ரோட் மை ஃபைனல் எக்ஸாம்" என்றாள்.

"ரோட்? நோ, நோ! யூ கேவ் தி எக்ஸாம்!"

'தாய்மொழித் தாக்கம்' என்ற கட்டத்தில் சிவப்புப் பேனா சுழித்தது. சற்று நேரம் கழித்து இன்னொரு வாய்ப்பு உண்டு, மறுபடியும் அதே தப்பு வந்தால் அவ்வளவுதான் என்று சொல்லி வெளியே அனுப்பினாள்.

வித்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரீட்சையைக் 'கொடுப்பது' ஹிந்தி. பள்ளிக்கூட நாளில் ஹிந்தி டியூஷனில் உருப்போட்டதாயிற்றே! நாம் எழுதுகிறோம், அவர்கள் கொடுக்கிறார்கள். நாளைக்குப் போனில் பேசப்போகிற அமெரிக்காக்காரனோ 'டுக் தி எக்ஸாம்' என்று எடுத்துக்கொள்கிறான். பூனம் போட்டுக்காட்டிய ஒலிநாடாவிலேயே அப்படித்தான் இருந்தது. அப்படியிருக்க, இவள் தாய்மொழி மட்டும் தாக்கமாம், அந்தம்மாவின் தாய்மொழி இங்கிலீஷாம்! என்ன அநியாயம் இது?

வராந்தாவில் மேலாளர் அலெக்சாண்டர் நின்றிருந்தார். இதே ஊர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், வீட்டில் கன்னடம் கலந்த தமிழ் பேசுகிறவர். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"நீ சொல்றது கரெக்டும்மா. ஆனா மார்க் போடறது அவங்க. 'கேவ்'னே சொல்லிடு. ஒரு வார்த்தைதானே, சும்னே எதுக்கு வம்பு?"

ஒரு வார்த்தைதானாம்! தெரியாமல் திருத்துகிறவளைவிட, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிற இவர்மேல் கோபம் இன்னும் பொங்கியது. ஆனால் வேலை வேண்டுமே.

இருவரும் உள்ளே போனார்கள்.

"ஐ கேவ் மை ஃபைனல் எக்ஸாம்." சொல்லும்போதே நா கூசியது.

பூனம் கைதட்டினாள். இப்போது நீ எந்த ஊர் என்றே தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் புகழ்ந்தாள். அலெக்சாண்டர் வேலை உத்தரவை நீட்டினார். வித்யா அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு, ஆங்கிலம் தவிர வேறெதுவும் பேசக் கூடாத அந்த அறையில், அவரைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள்.

"சார், அவங்க எந்த ஊர்னு எனக்கு நல்லாத் தெரியுதே. அதுக்கு யாரு சார் மார்க் குறைப்பாங்க?"