மூன்றாவது கை

பெரியாஸ்பத்திரி பிசியோதெரபிஸ்டுக்கு ஒரு திங்கட்கிழமை காலை மூன்றாவது கை முளைத்தது. வலது விலாவுக்குக் கீழே, நகமெல்லாம் ஒழுங்காக, நல்ல கை. அவளுக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை. படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையில், பஞ்சு பிதுங்கிய ஒரே கட்டிலை வைத்துக்கொண்டு, வாசல்வரை நிற்கும் பக்கவாதக்காரர்களையும் முட்டி மாற்றியவர்களையும் நடக்க வைக்கிறவள் அவள். ஒரு கை இடுப்பைத் தாங்கும், இன்னொன்று முழங்காலைப் பிடிக்கும், பாதத்துக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் தற்காலிக ஊழியரான சின்னவள். அடுத்த உத்தரவில் நிரந்தரமாக்கிவிடுவதாகத் தலைமை டாக்டர் வருடா வருடம் சொல்ல, சின்னவள் அதை நம்பிக் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டிருந்தாள்.

கையைக் கோட்டுக்குள் மறைத்திருக்கலாம். வேலைப்பளு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று இதைப் பார்த்தாவது மனுஷனுக்கு உறைக்கும், சின்னவளின் உத்தரவில் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்து, வெள்ளந்தியாக டாக்டரிடம் போய்க் காட்டினாள். அவர் அந்தக் கையைக் குலுக்கினார், டீ வரவழைத்தார், பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டார். மறுவாரம் சின்னவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்தப் பிரிவில்தான் இப்போது கைக்குப் பஞ்சமில்லையே.

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "நீங்க காட்டாம இருந்திருக்கலாம்க்கா" என்று மட்டும் சொன்னாள் சின்னவள். நம்ப வைத்துக் கழுத்தறுத்தவர் டாக்டர், பழி வந்து விழுந்தது இவள் தலையில்.

இரண்டு வருடம் மூன்று கையும் மாடாய் உழைத்தன. பிறகு மூன்றாவது கை மூட்டோடு இறுகித் தொங்கிப்போனது. லீவு கேட்டதற்கு, நியமனம் இரண்டு கைகளுக்குத்தான், அவை நன்றாகத்தானே இருக்கின்றன என்று அலுவலகம் சொல்லிவிட்டது.

அன்றைக்கு அவள் அங்கிருந்து நேரே சின்னவள் வீட்டுக்குப் போனாள். துணிக்கடையில் பில் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்த சின்னவள், முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தொங்கும் கையைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, முழங்கையைத் தாங்கி மெல்லத் தூக்கினாள்.

"வலிச்சா சொல்லுங்க."

அக்கா என்ற சொல் வரவில்லை. ஆனாலும், வலிச்சா சொல்லுங்க என்று ஊருக்கெல்லாம் தான் சொல்லிவந்த அந்த வார்த்தையை அவளிடம் இதுவரை யாருமே சொன்னதில்லை.

"வலிக்குது" என்றாள் அவள். சின்னவள் விடாமல் இன்னும் கொஞ்சம் தூக்கினாள்.

கை சில வாரங்களில் சரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவள் வீட்டுக் கொடியில் துணி காயப்போடுகிறது. ஆஸ்பத்திரியில் மட்டும் அது இன்றுவரை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.