சமையற்காரியின் மூன்று மாடி

பெரும் பணக்காரர்களுக்கு வரியைக் கூட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்த நாளிலிருந்து ஆலை முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. நாட்டுக்காக உயிரையே கொடுப்பேன் என்று மேடைதோறும் முழங்கியவர்தான். உயிரைத்தான் சொன்னார்; பணத்தைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

ஆடிட்டர் வழி சொன்னார். பத்தே நாளில் கார் ஓட்டுநர் வணிக வளாகத்துக்கு உரிமையாளரானார். தோட்டக்காரருக்கு இரண்டு கிடங்குகள். முதலாளி குடியிருந்த மூன்று மாடி வீடு சமையற்காரியின் பெயருக்குப் போயிற்று. சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, அவள் அதே வீட்டில் பாத்திரம் கழுவினாள்.

அவள் கணவருக்கு வாரம் இரண்டு முறை அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ், இலவச அட்டையில். மறுமாதம் அட்டை எண்ணைக் கணினியில் தட்டிய எழுத்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு மாடி வீட்டுக்காரம்மாவுக்கு இலவசம் கேக்குதா? அட்டை ரத்தாயிடுச்சு. இந்த வாரம் மட்டும் பார்ப்போம்."

ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள்.

"ஐயா, வீட்டை உங்க பேருக்கே மாத்திக்கோங்க. அவருக்கு சிகிச்சை கிடையாதுங்கிறாங்க."

"ஆறு மாசம் பொறும்மா. இந்த வரி வந்துச்சுன்னா நாமெல்லாம் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

"நாமெல்லாமா?"

"பின்னே? உழைச்சு சேர்த்ததைப் புடுங்கினா எப்படி வலிக்கும்னு உனக்கெங்க தெரியப்போகுது?"

"அப்ப அதுவரைக்கும் ஆஸ்பத்திரி செலவையாவது குடுங்கய்யா."

"நான் இருக்கிற நிலைமையில கேக்குற கேள்வியா இது?" என்றார், நிஜமாகவே கண் கலங்கி.

மறுநாள் காலை அவள் எழுத்தரிடம் மன்றாடினாள். அவர் மேல்முறையீட்டுப் படிவம் ஒன்றை நீட்டினார். ஏழாவது கேள்வி: 'சொத்து தங்களுடையதல்ல எனில் யாருடையது? எவ்வாறு தங்கள் பெயருக்கு வந்தது?' கொடுத்திருந்த இரண்டு வரி போதவில்லை. பின்பக்கத்திலும் எழுதினாள். கேட்டதற்குப் பாதி பதில் சொல்வது மரியாதையல்ல என்று ஓட்டுநரின் வளாகத்தையும் தோட்டக்காரரின் கிடங்குகளையும் சேர்த்தே எழுதினாள்.

அட்டை அன்றே தற்காலிகமாக உயிர் பெற்றது. விதிப்படி படிவத்தின் நகல் வரி அலுவலகத்துக்குப் போனது.

ஒன்பதாம் நாள் நோட்டீஸ் வந்தது. முதலாளி அதைக் கையில் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தார். பின்னாலேயே ஆடிட்டர்.

"நன்றி கெட்டவளே! என் குடியையே கெடுத்துட்டியே! என் வீட்டை விட்டு இப்பவே வெளிய போ!"

ஆடிட்டர் தொண்டையைச் செருமினார். "ஐயா, விசாரணை முடியிற வரைக்கும் பத்திரத்தை மாத்த முடியாது. இப்போதைக்கு இது அவங்க வீடு. வெளிய போறதுன்னா... நாமதான்."

சமையற்காரி அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பரவாயில்ல, இருங்கய்யா. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக நேரமாச்சு. சாப்பாடு மூடி வச்சிருக்கேன், போட்டுச் சாப்பிடுங்க."