ஆனைப்பள்ளம் ஹால்ட்டில் தங்கிய நிழல்

2019 ஆனி மாதம் செந்தமிழன் காலை ஏழு பத்து ரயிலில் ஏறிப் போனபோது, அவன் நிழல் பிளாட்பாரத்திலேயே தங்கிவிட்டது. உத்திரமேரூருக்குத் தெற்கே, கடற்கரைப் பக்கம் போகும் ஒற்றைப் பாதையில் இருக்கும் ஆனைப்பள்ளம் ஹால்ட்டில் ரயில் ஒரு நிமிடம்தான் நிற்கும். படியில் தொற்றிக்கொண்டு போனவனுக்குத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. ஏரி வறண்டு இரண்டு போகம் நடவு வேலை இல்லாததால், கடலோரத்தில் அலைதடுப்புக்குக் கல் சுமக்கப் போனான். மறுநாள் நிழலைப் பார்த்த, ஹால்ட்டில் டிக்கெட் கொடுக்கும் பாண்டுரங்கன், செந்தமிழன் மனைவி பாஞ்சாலிக்குச் சொல்லி அனுப்பினார்.

அவன் அங்கே செய்வதை நிழல் இங்கே செய்தது. குனிந்தது, தூக்கியது, பீடி பிடித்தது. முதல் வருடம் அவன் போன் பண்ணினான். பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. பாஞ்சாலி வேர்க்கடலைக் கொல்லையில் களையெடுக்கப் போகும் வழியில் தினமும் வந்து பார்த்தாள்.

“இன்னாம்மா பண்றாரு?” என்று கேட்பார் பாண்டுரங்கன்.

“இப்பத்தான் நாஷ்டா துன்னுக்கினு கீறாரு. மணி பத்தாவுது,” என்பாள்.

கொரோனாவில் பத்து மாதம் ரயில் வரவில்லை. தண்டவாளத்தில் கோரை முளைத்தது. நிழல் வேலை செய்துகொண்டிருந்தது. 2021 தை மாதம் ஒருநாள் அது இரண்டு கைகளையும் மடித்து, எதையோ நெஞ்சோடு அணைத்து மெல்ல ஆட்டியது. கல்லை யாரும் அப்படித் தூக்குவதில்லை. பாஞ்சாலிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தையில்லை.

“தலைக்கு கைய அண்டக் குடுக்கணும். அதுகூட தெரில,” என்றாள். பிறகு எட்டு மாதம் ஹால்ட் பக்கம் வராமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

2024 சித்திரையில் பாண்டுரங்கனே அவள் வீட்டுக்கு வந்தார். நிழல் விழுந்து கிடந்தது. உச்சி வெயிலில் அது குறுகவில்லை, பொழுது சாய்ந்தும் நீளவில்லை. அதைப் பார்த்து பாஞ்சாலி அழுதாள். அழுது முடித்து டிக்கெட் கேட்டாள், கடைசி ஸ்டேஷனுக்கு.

“அங்க போயி இன்னாம்மா பண்ணப் போற? அவரு...”

“அவரு இங்க கீறாரு. அந்தப் புள்ள அங்க கீதே.”

அவள் போய்ச் சேர்வதற்குள் அவனைப் புதைத்துவிட்டிருந்தார்கள். பதினோராம் நாள் காலை ரயிலிலிருந்து பாஞ்சாலி இறங்கினாள். பின்னால் திலகா என்ற ஒரு பெண் தலையைக் குனிந்தபடி இறங்கினாள். நடுவே மூன்று வயதுப் பெண் குழந்தை. நிழலை யாரும் குழந்தைக்குக் காட்டவில்லை. அது நேராக நடந்துபோய் நிழலின் மேல் படுத்துத் தூங்கியது. ரயிலிலிருந்து இறங்கிய மற்றவர்கள் மூட்டை முடிச்சுகளோடு அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இந்த வருடம் பிளாட்பாரத்துக்குச் சிமெண்டுக் கல் பதித்தார்கள். பதித்த கல்லின் மேலும் நிழல் கிடந்தது. கல் பதித்தவர்கள் அடுத்த வரிசைக்குப் போனார்கள். இரண்டு பெண்களும் களையெடுக்கப் போகையில் குழந்தையைப் பாண்டுரங்கன் கண்பார்வையில் அங்கே விட்டுப் போகிறார்கள். அந்த இடத்தில் வெயில் அடிப்பதில்லை.