மடிப்பின் நுனி

கத்தரிக்கோல் மடிப்பின் நுனியைக் கடந்துவிட்டது.

அகாயிதி அதைக் கண்டாள். துணியைத் தாங்கியிருந்த அவளுடைய கைகளுக்கிடையே நகக்கண் அளவுள்ள சிவப்புத் துண்டொன்று ஓசையின்றி உதிர்ந்து, படுக்கையின் சுருக்கத்தில் தங்கியது. தலையணைகளில் சாய்ந்திருந்த அக்கா தெபயேரு அதைக் காணவில்லை. மூச்சிரைக்க, உதட்டைக் கடித்துக்கொண்டு, அடுத்த இலையின் வளைவை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி கை நடுங்குது? சாகப்போறது நானா, நீயா?"

"ஒண்ணுமில்லக்கா. மரத்துப்போச்சு."

"ஆட்டாமப் பிடி. ஆயுசு முழுக்க அதைத்தானே செஞ்சுட்டு வர்ற."

உண்மைதான். பசிபிக் கடல் நடுவிலுள்ள ஐட்டுடாக்கித் தீவின் இந்தக் கரையில் மணமக்களுக்குப் போர்த்திய விரிப்புகளையும், இறந்தோரைச் சுற்றி மண்ணுக்குள் அனுப்பிய விரிப்புகளையும் தெபயேருவே வரைந்து வெட்டினாள். அகாயிதி மடிப்பைப் பிடித்தாள். மற்றப் பெண்களோடு அமர்ந்து தைத்தாள். கோணல் என்று அக்கா சொன்ன தையல்களை அவிழ்த்து மீண்டும் தைத்தாள். கத்தரிக்கோலை அக்கா அவளிடம் ஒருநாளும் தந்ததில்லை.

மும்முறை மடித்தால் துணி எட்டு அடுக்காகும். அடுக்குகள் யாவும் கூடும் கூர்நுனியே விரித்த துணியின் நடு. அங்கே மட்டும் கத்தரி படக்கூடாது. இம்முறை தெபயேரு வரைந்திருந்தது இதுவரை எவரும் துணியில் ஏற்றாத அடும்பு. கடற்கரையில் காலடியில் மிதிபடும் கொடியை யார் போர்த்திக்கொள்வார்கள் என்று ஊரார் கேட்டார்கள். "நான் போர்த்திக்கப்போறேன்" என்று அவள் விடை சொன்னாள். நடுவில் ஒரு வேர். அதிலிருந்து எட்டுத் திசைக்கும் எட்டுக் கொடிகள். அவ்வெட்டையும் பிணைத்திருந்தது அந்த நுனி ஒன்றே.

தெபயேரு கத்தரியைக் கீழே வைத்தாள். கண்களை மூடினாள். அந்தக் கணத்தில் அகாயிதி உதிர்ந்த துண்டை எடுத்துக் கைக்குள் மறைத்தாள்.

"விரி. பார்க்கணும்."

"வெள்ளைத் துணி இன்னும் இஸ்திரி போடலக்கா. கசங்கிக் கிடக்கு. அது மேல போட்டுத்தானே பார்க்கணும்."

"அப்பப் போடு. பேரு வாயிலேயே நிக்குது."

இங்கே முறை அப்படித்தான். வெட்டியவள் விரித்துப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்லும் முன் ஒருத்தியும் ஊசியை இறக்கமாட்டாள். பெயரில்லாத விரிப்பில் இத்தீவில் எவரையும் புதைத்ததில்லை. விரித்தால், தன் கடைசி வேலை எட்டுத் துண்டாகச் சிதறிக் கிடப்பதை அக்கா பார்த்துவிட்டுச் சாவாள். விரிக்காவிட்டால், தனக்கென்று அவள் படைத்தது பெயரற்றுப் போகும். மருத்துவர்கள் கைவிரித்து விமானத்தில் ஏற்றித் தீவுக்குத் திருப்பி அனுப்பிய உடம்பு. காலையிலிருந்து பாதங்கள் சில்லிட்டுக்கொண்டே வந்தன. அகாயிதி மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

வாசலில் அண்டை வீட்டுப் புரோத்து நின்றாள். கையில் வாழைப்பழக் களிக் கிண்ணம். தலையில் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போடும் வெள்ளை ஓலைத் தொப்பி.

"இன்னும் இருக்கியா நீ? சாவு வீடுன்னு நல்ல தொப்பி போட்டுட்டு வந்தேனே!"

"கழட்டாதே. வீணாப் போகாது" என்றாள் தெபயேரு.

இருவரும் சிரித்தார்கள். தெபயேருவின் சிரிப்பு இருமலாகி, இருமல் நெடுநேரம் ஓயாமல் நீண்டது.

பின்னறையில் அகாயிதி துணியைத் தரையில் விரித்தாள். எட்டுக் கொடிகள் தனித்தனியே பிரிந்து விழுந்தன. கைக்குள்ளிருந்த துண்டை விரித்தாள். மோதிர வட்டத்தில் அடங்கும் சிறு சிவப்பு, அதுதான் வேர். கொடிகளின் அடிகளை அதைச் சுற்றி வைத்து, சிவப்பு நூல் கோத்து, ஒவ்வொன்றாகப் பிணைக்கத் தொடங்கினாள். விளிம்பில் இழைகள் பிரிந்துகொண்டே வந்தன. வியர்வையில் ஊசி வழுக்கியது. கர்த்தரே, இவ்வளவு மட்டும் தாரும், அக்கா கண்ணை இன்னும் கொஞ்சம் திறந்து வையும் என்று வாய்க்குள் மன்றாடினாள்.

பல ஆண்டுகளுக்கு முன் பெரும்புயல் ஓய்ந்த மறுநாள் இதே கரையில் இவர்கள் இருவரும் நின்றது அவள் நினைவில் எழுந்தது. அலை வீட்டைக் கொண்டுபோயிருந்தது. தெபயேருவின் கணவனையும் கொண்டுபோயிருந்தது. அறுந்த அடும்புத் தண்டுகள் மணலெங்கும் இறைந்து கிடந்தன. இலைகள் மட்டும் ஒன்றும் நடவாததுபோல் பச்சையாக இருந்தன. அக்கா அன்று அழவில்லை. குனிந்து, ஒரு தண்டை எடுத்து, மணலில் அழுத்தி ஊன்றிவிட்டு நடந்தாள்.

"எங்கடி போனா அவ? துணி நெய்யவா போனா?" என்று முன்னறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. முன்னதைவிட மெலிந்த குரல்.

கதவு திறந்தது. புரோத்து வந்தாள், தரையைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த கேலி வடிந்துபோயிற்று. கதவைச் சாத்திவிட்டு அக்காவின் கட்டிலருகே போய் உரக்கக் கத்தினாள்.

"உன் தங்கச்சி இஸ்திரியில துணியைத் தீய்ச்சுட்டா! வேற தேடுறா. இந்த வீட்டுல ஒருத்திக்குத்தான் கை இருக்கு, அவளும் படுத்துட்டா. நான் பாடுறேன், கேட்டுட்டு இரு."

"வேண்டாம்டி. செத்தவங்க எழுந்து வந்துடுவாங்க."

புரோத்து பாடினாள். கரை காணாக் கடலிலும் உன் கரம் காண்கிறோம் என்ற பழைய கோயில் பாட்டு. அடிகளை இழுத்து இழுத்து, முடிந்த இடத்திலிருந்தே மீண்டும் தொடங்கி. அந்த இழுப்புக்குள் ஐந்தாவது கொடி சேர்ந்தது, ஆறாவது, ஏழாவது. எட்டாவதில் பாட்டு நின்றது.

"அகாயிதி! வா சீக்கிரம்!"

முடிச்சிட்டாள், நூலைக் கடித்து அறுக்க நேரமில்லாமல் ஊசியை மட்டும் உருவிப் போட்டாள். வெள்ளைத் துணியையும் சிவப்பையும் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

தெபயேருவின் மூச்சு தொண்டையளவில் நின்று ஏறி இறங்கியது. கண்கள் மட்டும் தெளிந்திருந்தன. இரு பெண்களும் அவள் மடிமேல் வெள்ளையைப் பரப்பி, அதன்மேல் அடும்பை விரித்தார்கள். கட்டில் முழுக்கச் சிவந்து படர்ந்தது. நுனி இலைகள் தரையைத் தொட்டன.

"அழகா இருக்குடி. இதைப் போயா மிதிச்சோம்!" என்றாள் புரோத்து. அவள் குரலில் விளையாட்டில்லை.

தெபயேரு ஓரங்களைப் பார்க்கவில்லை. அவள் வலக்கை மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்தது. விரல்கள் தையலின்மேல் ஏறின. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அடுத்ததிலிருந்து அதற்கடுத்ததற்கு, வட்டம் முழுவதும் சென்றன. அவிழ் என்று அக்கா சொல்லப்போகிறாள் என்று அகாயிதி எண்ணினாள்.

"முதல்ல வேற பேரு வச்சிருந்தேன்" என்றாள் தெபயேரு.

"என்ன பேருக்கா?"

"அது போச்சு."

"அக்கா, சொல்லுக்கா. அதையே வைப்போம். அக்கா!"

தெபயேரு தலையை அசைத்தாள். சன்னலுக்கு வெளியே கரையைப் பார்த்தாள். இரண்டு மூச்சுக்கு இடையே தெளிவாகச் சொன்னாள்.

"புயலுக்கு மறுநாள்."

அவள் விரல்கள் நடுவிலேயே இருந்தன. அவை தளர்ந்ததைக் கண்டுதான் அவள் போய்விட்டதை அவர்கள் அறிந்தார்கள்.

மதியத்துக்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். வீட்டு முற்றத்தில், தெபயேருவின் தாயின் கல்லறைக்குப் பக்கத்தில், ஆண்கள் பவளப்பாறையை உடைத்துக் குழி தோண்டும் ஓசை கேட்டது. நூல் கோத்த ஊசிகளோடு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் அகாயிதியைப் பார்த்தார்கள். அக்கா வைத்த பெயரை அவள் சொன்னாள்.

கோயில் மூப்பரின் மனைவி புருவம் நெரித்தாள். "மறுநாளா? அடும்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கேள்வி கேக்குறவ முதல்ல ஊசியைக் குத்துடி. பொழுது சாயுது" என்றாள் புரோத்து. அவள் தானே போய் நடுவில் அமர்ந்துகொண்டாள். அந்த இடத்தை வேறெவளும் நெருங்க அவள் விடவில்லை.

வெயில் தாழத் தையல் முடிந்தது. தெபயேருவை அதில் சுற்றினார்கள். வேர் அவள் நெஞ்சின்மேல் வந்து அமர்ந்தது. புரோத்து குனிந்து, இறந்தவளின் இரு கைகளையும் எடுத்து அதன்மேல் மடித்து வைத்தாள். பின் கத்தரிக்கோலை எடுத்து, அகாயிதி அறுக்காமல் விட்டதால் கைகளுக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சிவப்பு நூலை அறுக்கப் போனாள்.

அகாயிதி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாள்.

யாரோ சன்னலைத் திறந்தார்கள். கடற்காற்று வந்தது. எல்லாம் அசையாதிருக்க, அந்த நூல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.