அரைப்பேர் விசுவாசம்

ஜெபம் பண்ணும்போது அழகுமுத்து ஒற்றைக் கண்ணைத்தான் மூடுவார். மற்றக் கண் வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக் காவல் காக்கும். கல்யாண வீடு ஒன்றில் புதுச் செருப்பைப் பறிகொடுத்த நாளிலிருந்து அப்படி. மலையகத்தில் லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் செடி கவ்வாத்து வெட்டியே கிழவனான மனுசன். கங்காணியை நம்பமாட்டார், தராசை நம்பமாட்டார். டொக்டர் தந்த குளிசையைக்கூடப் பாதி உடைத்துத் தின்று, உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மீதியைத் தின்பார்.

அவர் பெண்சாதி நாகலெட்சுமி நேர் எதிர். கொழுந்து பறித்த காலத்தில், தராசடியில் எவளுக்காவது நிறை குறைந்தால் தன் சாக்கிலிருந்து அள்ளி அவள் சாக்கில் கொட்டிவிடுவாள். நிறை குறைந்தவளுக்கு அன்றைக்கு அரைப்பேர்தானே விழும், அதாவது பாதி நாள் சம்பளம்.

"ஒன் கொழுந்த ஏன்டி ஊர்க்காரிக்குக் கொட்டுற?" என்று அழகுமுத்து கத்துவார்.

"கொட்டுனா கொறைஞ்சா போயிரும்?" என்பாள். குறையத்தான் செய்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

போன வருசத்துப் பெருமழையில் இவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசைக்குப் பின்னால் மலை சரிந்தது. வந்த மண் இவர்கள் காம்பராவின் அடுப்பெரிகிற குசினிச் சுவரைத் தொட்டுவிட்டு நின்றுகொண்டது. அந்த வாரமே நாகலெட்சுமி சபைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

"யேசப்பாதாங்க நிப்பாட்டுனாரு."

"சவுக்கு மரம் நிப்பாட்டுச்சு."

"அந்த மரத்த யாரு வச்சா?"

"பழைய தொரை வச்சான்."

அதற்கு மேல் பேச்சு நகராது. இருந்தாலும் அழகுமுத்துவும் பின்னாலேயே சபைக்குப் போனார். இவளிடம் என்னத்தைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான். அவர்கள் எதையும் பிடுங்கவில்லை. இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார்கள். அதில்தான் சந்தேகம் இன்னும் கூடியது. ஆனால் வாரம் போகப் போக, பாட்டு முடிந்து திரும்பும்போது பெண்சாதியின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிவதைக் கவனித்தார். தனக்கும் அது வேண்டும்போல் இருந்தது. கையை நீட்டினால் வருகிற சாமானா அது?

அந்த நேரம் பார்த்து பாஸ்டர் பிரதாபன் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்துவிட்டார். வருகிற ஞாயிறு, தோட்டத்துக்குக் கீழே ஆற்றில்.

"ரெண்டு பேருமா எறங்குவோங்க. மண்ணுக்கு ஒன்னாத்தானே தப்புனோம்? நீங்க எறங்கலன்னா நானும் எறங்கல" என்றாள் நாகலெட்சுமி.

ஆற்றுக்குள் வைத்து 'நம்புகிறாயா' என்று கேட்பார்கள். 'ஆமாம்' என்றால் கடவுளுக்கு முன்னால் பொய். 'இல்லை' என்றால் இவள் ஆசையில் மண்.

சரி, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினார். மேடேறி மேடேறி இரண்டு முழங்காலும் போயிருந்தன. இரண்டு சின்னப் போத்தல்களில் தேங்காய் எண்ணெய் வாங்கினார். ஒன்றை மட்டும் பாஸ்டரிடம் கொடுத்து ஜெபித்து வாங்கி, அந்தப் போத்தலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினார். வலது காலுக்கு ஜெப எண்ணெய், இடது காலுக்குக் கடை எண்ணெய். வியாழக்கிழமை எழும்பும்போது வலது கால் லேசாக இருந்தது. காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். மெய்தானோ!

வெள்ளி மத்தியானம் நாகலெட்சுமி பருப்பு வடை சுட்டாள்.

"எண்ணெ ஏது?"

"குளிருக்கு ஒங்க போத்தல் ரெண்டும் கல்லாட்டம் ஒறைஞ்சு கெடந்துச்சு. திங்கக்கெழமையே ரெண்டையும் ஒரே சட்டியில உருக்கி, பழையபடி ஊத்தி வச்சேன். மிஞ்சுனதுல இன்னைக்கு வடை."

"ஒரே சட்டியிலயா?"

"பின்ன, எண்ணெக்கி ஒவ்வொரு சட்டியா?"

அழகுமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு விசயத்தைச் சொன்னார். நாகலெட்சுமிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "சாமிக்கே பரீட்ச வைக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்."

"சிரிக்காதடி. நம்பணும்னு எனக்கும் ஆசதான். வரமாட்டேங்குது."

அவள் சிரிப்பு நின்றது. "அப்ப அத அவருகிட்டயே கேளுங்க. வடைய ஏன் மொறைக்கிறீங்க?"

சனிக்கிழமை காலையில் தேயிலைக்குள் போய், யாரும் இல்லையென்று சுற்றிப் பார்த்துவிட்டுக் குந்தினார். "யேசப்பா, நான் அழகுமுத்து. மேக்கணக்குப் பிரிவு அழகுமுத்து இல்ல, கீழ்க்கணக்கு லயத்துல கடைசிக் காம்பரா. ஒங்கள நம்பணும். என்கிட்ட இருக்குறது காணாது. நீங்களா பாத்துக் கொஞ்சம் குடுங்க. பொய் சொல்லி என்னால தண்ணியில எறங்க முடியாது." காத்திருந்தார். ஒரு அட்டை காலில் ஏறியதுதான் மிச்சம். ஆனால் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டதில் கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரி இருந்தது.

ஞாயிறு. தண்ணீர் பல்லைக் கிட்ட வைத்தது. கரையில் சபை மொத்தமும் கைதட்டிப் பாடிக்கொண்டு நின்றது. இடுப்பளவு தண்ணீரில் பாஸ்டர் நடுவில், இரண்டு பக்கமும் இவர்கள்.

"முழு மனசோட விசுவாசிக்கிறீங்களா ஐயா?"

பாட்டு நின்றது. அழகுமுத்து பெண்சாதியைப் பார்த்தார். பிறகு பாஸ்டரைப் பார்த்தார்.

"முழு மனசு இல்ல தம்பி. தேடிப் பாத்துட்டேன். அரைப்பேருக்குத்தான் கொழுந்து இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்."

பாஸ்டர் திரும்பி நாகலெட்சுமியைப் பார்த்தார்.

"தம்பி" என்றாள் நாகலெட்சுமி, பல் கிடுகிடுக்க. "கொறையிறத என் சாக்குலருந்து கொட்டுறேன். இவருக்கு முழுப்பேரு போடுங்க."

"என் சாக்குலயும் இருக்குக்கா!" என்றது கரையிலிருந்து கொழுந்துக்காரி மீனம்மாவின் குரல். கொழுந்து பறிக்கிற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்தபடியே ஒவ்வொருத்தியாகக் கையை நீட்டி, கிழவனுக்கு விசுவாசம் கூடட்டும் என்று சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள்.

பாஸ்டர் பிரதாபன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மெய்யச் சொல்லிட்டீங்க ஐயா. மிச்சத்த அவரு பாத்துக்குவாரு. வாங்க."

இருவரும் சேர்ந்து முங்கினார்கள். தண்ணீருக்குள் அழகுமுத்துவின் கண் இரண்டும் இறுக மூடியிருந்தன.

எழுந்ததும் முதல் வேலையாகக் கரையைப் பார்த்தார்.

"இருக்குதா செருப்பு?" என்றாள் நாகலெட்சுமி.

"இருக்கு."

"அவரும் அப்படித்தான். நீங்க பாக்காதப்பவும் இருக்காரு."

"பாப்போம்" என்றார் அழகுமுத்து. நடுங்குகிற அவள் கையைப் பிடித்துக் கரையேற்றினார். முழங்கால் இரண்டும் ஒரே அளவுக்கு வலித்தன. நாளைக் காலையிலும் தேயிலைக்குள் போய் இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். விலாசம்தான் சொல்லியாயிற்றே.